மூன்றின் மேல் வைத்த சிவப்புப் புள்ளி

அந்தப் புள்ளி ஐம்பது பைசா நாணயம் அளவு இருக்கும். ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவின் மேற்குச் சுவரில், நீலக் கோட்டின் மேல், மூன்று என்ற எண்ணுக்கு நேராக, சிவப்பு எனாமல் பெயிண்டில் வைத்திருந்தார்கள். காய்வதற்குள் பெயிண்ட் கொஞ்சம் வழிந்து மூன்றின் தலையில் ஒட்டிக்கொண்டது. பார்ப்பதற்குச் சுவரில் நசுக்கிய மூட்டைப்பூச்சி மாதிரி இருக்கும். இத்தனை வருடம் கழித்து எழுத உட்காரும்போதும் எனக்கு முதலில் வருவது அந்தப் பெயிண்ட் வாடைதான்.

நான் நாளும் கிழமையும் குறித்து வைக்கிற பழக்கம் உள்ளவள். மழை பெய்த நாள், பஸ் வராத நாள், நூலகத்தில் புத்தகம் எடுத்த நாள், கொடுத்த நாள் எல்லாம் என்னிடம் உண்டு. இந்த விஷயத்தின் தேதிகளும் உண்டு. அவற்றை எழுதினால் தலைமையாசிரியர் யார், பள்ளிக்கூடம் எது என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் உடனே சொல்லிவிடுவார்கள். அதனால் எழுபதுகளின் கடைசி என்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். மாதமும் கிழமையும் சொல்வதில் யாருக்கும் கெடுதல் இல்லை.

கோவில்பட்டியிலிருந்து கழுகுமலை போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கரிசல் காட்டுக்குள் பிரிகிற சாலையில் இன்னொரு பஸ்ஸைப் பிடித்துப் போனால் அந்த உயர்நிலைப் பள்ளி வரும். நான் அங்கே தற்காலிகக் கணித ஆசிரியை. ஒன்பதாம் வகுப்பில் இரண்டு பிரிவு. 'அ' பிரிவுக்கு நான், 'ஆ' பிரிவுக்குத் தலைமையாசிரியரே கணக்கு எடுத்தார். புதுக் கணக்கு என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த காலம். கணங்கள், எண்கோடு, அசமன்பாடு எல்லாம் பாடப் புத்தகத்துக்கு வந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பழைய ஆசிரியர்கள் பலர் அந்தப் பக்கங்களை அவசரமாகப் புரட்டிவிட்டு வட்டிக் கணக்குக்குத் திரும்பிவிடுவார்கள்.

எனக்கு அசமன்பாடு பிடிக்கும். சமன்பாட்டுக்கு விடை ஒரு எண். கிடைத்ததும் கதை முடிந்தது. அசமன்பாட்டுக்கு விடை ஒரு கூட்டம். 7 − 2x > 1 என்றால் x மூன்றைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். இரண்டு சரி, ஒன்று சரி, பூஜ்யம் சரி, இடப்பக்கம் போகப்போக எல்லாமே சரி. இரண்டே முக்காலும் சரி. ஆனால் மூன்று சரியில்லை, ஏனென்றால் அதைப் போட்டால் ஒன்று ஒன்றைவிடப் பெரிது என்று வரும். கூட்டம் மூன்றின் வாசல் வரைக்கும் வந்து நிற்கும், மூன்று வெளியே. இதை எண்கோட்டில் காட்ட மூன்றின் மேல் ஒரு வெற்று வட்டம் போட்டு இடப்பக்கம் அம்பு இழுக்க வேண்டும். மூன்றும் சேரும் என்றால் வட்டத்தை அடைக்க வேண்டும். பாடமே அவ்வளவுதான். அடைப்பதா, வெறுமனே விடுவதா என்பதில்தான் உயிர் இருக்கிறது.

இதைப் பிள்ளைகளுக்குப் புரியவைக்க நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் வகுப்புக்குப் புரியவைத்தது ஒரு பெண். பள்ளிக்குக் கிழக்கே, ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வருகிறவள். கணக்கில் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் பாதி நாள் முதல் பீரியட் தவறிப்போகும், பருத்தி எடுப்புக் காலத்தில் முழு நாளும் தவறிப்போகும். வடிவியல் அவளுக்கு அரைகுறை. ஆனால் ஐப்பசி மாதம், ஒரு புதன்கிழமை, நான் கரும்பலகையில் இரண்டு வட்டங்களையும் போட்டுவிட்டுத் திரும்பியபோது எழுந்து நின்றாள்.

"டீச்சர், இது நம்ம பஸ்ஸு மாதிரிலா இருக்கு."

"எப்படி?"

"மழை பெஞ்சா பஸ்ஸு பாலத்துக்கு இங்கிட்டே நின்னுரும். பாலத்துல சக்கரத்தை வைக்காது, அங்கன கரிசல் மண்ணு புடிச்சு இழுத்துரும்னு. அப்ப பாலத்துக்கு ஓட்டை வட்டம். வெயில் காலத்துல பாலத்து மேலயே நிப்பாட்டி எறக்கி விடுவாரு. அப்ப அடைச்ச வட்டம். ரெண்டுலயும் பாலத்துக்கு அங்கிட்டு பஸ்ஸு கிடையாது."

பின்வரிசையில் ஒரு பையன், "ஏலே, அப்ப அவ ஊரு எண்கோட்டுலயே இல்ல," என்றான். வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே, "இருக்கு. அம்புக்கு வெளிய இருக்கு. நடந்து வாரோம்," என்றாள்.

அன்று முதல் என் வகுப்பில் யாரும் அதைத் தப்பாகப் போடவில்லை. 'மழைப் பாலம்', 'வெயில் பாலம்' என்று பேர் வைத்துக்கொண்டார்கள்.

கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை அவளுடைய அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கொஞ்சம் மானாவாரி நிலம் வைத்துப் பயிர் செய்கிற சம்சாரி. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். மகளும் பக்கத்தில் நின்றாள்.

"டீச்சர், ஒளிவு மறைவு இல்லாம கேக்குதேன். இவ தேறுவாளா?"

"மத்த பாடமெல்லாம் தேறிருவா. கணக்குதான் கொஞ்சம் இழுக்கும். அதுவும் தேறிருவான்னுதான் நினைக்கேன்."

"தேறுனா பத்து படிக்கட்டும், நான் குறுக்க நிக்க மாட்டேன். தேறலன்னா சித்திரை முடியவும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில ஏத்தி விட்டுருவேன். ஏஜெண்டுகிட்ட சொல்லி வச்சாச்சு. ஒரே வகுப்புல ரெண்டு வருசம் ஒக்கார வைக்க நமக்கு ஏலாது."

"முப்பத்தஞ்சு எடுத்தா போதும்பா," என்றாள் மகள்.

"முப்பத்தஞ்சுக்கு மேலயா, முப்பத்தஞ்சேவா?"

"முப்பத்தஞ்சும் சேத்தி. வெயில் பாலம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிப்போகிற அந்த வண்டி எங்கள் பள்ளி வழியாகத்தான் விடியற்காலையில் போகும். அதற்குள் நின்றுகொண்டே தூங்குகிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் சில என் பழைய வகுப்புப் பிள்ளைகள். அதைப் பற்றி இங்கே விரித்து எழுதப் போவதில்லை. தேறாவிட்டால் அவளுக்கு எது போகும், எது வரும் என்பது உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

தை பிறந்ததும் ஆண்டாய்வு வருகிறது என்று தகவல் வந்தது. எங்கள் பக்கத்தில் யாரும் ஆண்டாய்வு என்று சொல்ல மாட்டார்கள், இன்ஸ்பெக்‌ஷன்தான். இன்ஸ்பெக்‌ஷன் என்றால் பள்ளிக்கூடத்துக்குக் கல்யாணம் மாதிரி. வெள்ளையடிப்பார்கள், காவிப் பட்டை இழுப்பார்கள், உடைந்த பெஞ்சுகளைக் கிணற்றடிக்குப் பின்னால் ஒளிப்பார்கள், குடிதண்ணீர்ப் பானைக்குப் புது மூடி வாங்குவார்கள். அந்த வருடம் தலைமையாசிரியருக்குப் புதிதாக ஒரு யோசனை தோன்றியது. வகுப்புக்கு ஒரு சுவர்ப் படம். அறிவியலுக்கு இதயம், புவியியலுக்கு இந்தியா, கணக்குக்கு என்னை ஒரு படம் வரைந்து தரச் சொன்னார். நான் ஒரு தாளில் இரண்டு எண்கோடுகள் வரைந்து கொடுத்தேன். மேலே x < 3, வெற்று வட்டம். கீழே x ≥ −2, அடைத்த வட்டம். மேல் கோட்டின் பக்கத்தில் 7 − 2x கணக்கின் செய்முறை. கொடுத்துவிட்டு உறவுக் கல்யாணம் ஒன்றுக்காகக் கடம்பூர் போய்விட்டேன்.

திரும்பி வந்தபோது கோவில்பட்டியிலிருந்து வந்த பெயிண்டர் வேலையை முடித்துவிட்டு, டர்பன்டைனில் தூரிகையை அலசிக்கொண்டிருந்தார். கடைப் பலகையும் கட்சிச் சுவரும் எழுதுகிற ஆள். எழுத்தெல்லாம் அச்சு மாதிரி இருந்தது. மேலேயும் கீழேயும் இரண்டு வட்டமும் சிவப்பாக அடைபட்டிருந்தன.

"இது என்னங்க, மேல உள்ளதையும் அடைச்சிருக்கீங்க?"

"நான் உங்க தாள்ல இருந்த மாதிரிதான் டீச்சர் போட்டேன். பெரிய சார் வந்து பாத்தாரு. ஒரு கண்ணு தொறந்திருக்கு, ஒரு கண்ணு மூடியிருக்கு, பாக்க அசிங்கமா இருக்குன்னாரு. வேலைய முடிக்காம விட்ட மாதிரி இருக்குன்னாரு. அடைச்சிட்டேன்."

நான் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் அந்தப் பக்கத்துப் பெரிய விவசாயக் குடும்பத்துக்காரர். வேட்டி மடிப்புக் கலையாத மனிதர். யாரையும் அதட்ட மாட்டார். நான் விளக்கியதை முழுக்கக் கேட்டுவிட்டு, "டீச்சர், நீங்க சொல்லுதது சரியாத்தான் இருக்கும். இப்ப அழிச்சா சுவர் கறையாயிரும். இன்ஸ்பெக்‌ஷன் முடியட்டும், பாத்துக்கிடலாம்," என்றார்.

தெரியாமல் செய்தவரிடம் எனக்கு வெறுப்பு வராது. அவர் அந்தப் பாடத்தைப் படித்ததில்லை, எனக்கும் அது தெரியும். எனக்கு வெறுப்பு வந்தது அதற்கு அடுத்த நாள் நடந்த ஒத்திகையில்தான். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்திய நாள் ஒத்திகை பார்ப்பது அங்கே வழக்கம். அதிகாரி கேள்வி கேட்டால் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. அதிகாரிக்கு வகுப்பே கையைத் தூக்கியதாகத் தெரியும். பக்கத்தில் நிற்கும் தலைமையாசிரியர் வலது கைப் பிள்ளையாகப் பார்த்து, "அதைக் கேளுங்கய்யா," என்று காட்டிவிடுவார். ஒத்திகையில் அவர் சுவரைக் காட்டி, "புள்ளி அடைச்சிருக்குல்லா? அப்ப மூணு சேருமா? சேரும். எல்லாரும் சொல்லுங்க," என்றார். பிள்ளைகள் என்னைப் பார்த்தன. பிறகு "சேரும் சார்," என்றன. இரண்டாவது முறை என்னைப் பார்க்காமலே சொன்னன. ஐப்பசியிலிருந்து நான் சொல்லிக்கொடுத்ததை அவர் ஒரு பீரியடுக்குள் துடைத்து எடுத்தார்.

ஒத்திகை நாளில் பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் பெண் வரவில்லை. அவர்கள் காட்டில் முதல் பருத்தி எடுப்பு.

மறுநாள் புதன்கிழமை. அதிகாரி ஜீப்பில் வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருந்தார். வரலாறு படித்தவர் என்று பின்னால் தெரிந்தது. 'அ' பிரிவுக்குள் நுழைந்ததும் மேற்குச் சுவரைப் பார்த்து நின்றார். வாசலில் ஆளைப் பார்த்ததும் நாய் குரைப்பது போலச் சுவர்ப் படத்தைப் பார்த்ததும் கேள்வி கேட்பது அந்த உத்தியோகத்தின் வழக்கம்.

"இந்த மூணு விடையில சேருமா, சேராதா? யாருக்குத் தெரியும்?"

எல்லாக் கையும் உயர்ந்தது. தலைமையாசிரியர் கண் வலது கைகளைத் தேடியது. முன்வரிசையில் ஒரு வலது கை நேராக நின்றது.

"அந்தப் பிள்ளையைக் கேளுங்கய்யா."

அவள் எழுந்தாள். அவள் ஒத்திகைக்கு வராதவள், வலது கை இடது கை ஏற்பாடு தெரியாதவள் என்பது அவருக்குத் தோன்றியிருக்காது. விடை தெரிந்ததால் வலது கையைத் தூக்கியிருந்தாள், அவ்வளவுதான்.

"சேராது சார். மூணைப் போட்டா ஏழுல ஆறு போக ஒண்ணு. ஒண்ணு ஒண்ணைவிடப் பெருசு இல்ல. படத்துல மட்டுந்தான் சேத்திருக்காவ."

யாரோ ஒரு பையன் இடது கையைத் தூக்கியபடியே சிரித்துவிட்டான். அதிகாரி தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார்.

"என்ன சார்?"

"புது முறைங்கய்யா. பழைய முறையில ஓட்டை விடுவாங்க. இப்ப அடைச்சே போடுதாங்க."

"அப்படியா. நல்லது," என்றார் அதிகாரி. என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணையும் மறுபடி பார்க்கவில்லை. அவள் உட்காரலாமா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தாள். நான் கையைக் காட்டிய பிறகு உட்கார்ந்தாள்.

தலைமையாசிரியர் அறையில் வடையும் கடம்பூர்ப் போளியும் வைத்திருந்தார்கள். அதிகாரி போளி நெய்யை விரலிலிருந்து நக்கிவிட்டு, அதே விரலால் பேனாவைப் பிடித்துக் குறிப்பு எழுதினார். சுவர்ப் படங்கள் மெச்சத்தக்கவை என்றும், ஒன்பதாம் வகுப்பின் எண்கோட்டுப் படம் மற்ற பள்ளிகளும் பின்பற்றத்தக்கது என்றும் எழுதியிருந்தார். தலைமையாசிரியர் அதை ஆசிரியர்கள் அனைவருக்கும் வாசித்துக் காட்டினார். தாளின் ஓரத்தில் நெய்க் கறை இருந்தது.

மறுநாள் நான் போய், இன்ஸ்பெக்‌ஷன் முடிந்துவிட்டது, மேல் வட்டத்தின் நடுவில் வெள்ளை அடித்துவிடலாம் என்றேன்.

"ஆபீசர் நல்லா இருக்குன்னு எழுதிட்டுப் போனதை அழிக்கச் சொல்லுதீங்களா டீச்சர்?"

"அது தப்பு சார்."

"தப்புன்னு நீங்க சொல்லுதீங்க. குறிதானே? நாமளா வச்சுக்கிட்டதுதானே? நாளைக்கே ஓட்டைக்குப் பதில் நட்சத்திரம் போடலாம்னு பேசிக்கிட்டா நட்சத்திரந்தான் சரி."

இதுதான் என்னை இன்றுவரை எரிய வைக்கிறது. அவர் சொன்னதில் பாதி உண்மை. வட்டம் என்பது ஒரு உடன்பாடுதான். கோவில்பட்டிக் கிளை நூலகத்தில் நான் எடுத்துப் படித்த ஒரு வெளிநாட்டுக் கணக்குப் புத்தகத்தில் வட்டமே கிடையாது, அடைப்புக்குறிதான் போட்டிருந்தார்கள். ஆனால் சேருகிறதற்கு ஒரு குறி, சேராததற்கு வேறொரு குறி. நட்சத்திரமாகவே இருக்கட்டும், இரண்டுக்கும் ஒரே நட்சத்திரம் போட முடியாது. நான் இதைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "உங்க பதவி நிரந்தரமாக வேண்டாமா, இதுக்கெல்லாம் மல்லுக்கு நிக்கீங்களே," என்றார். மிரட்டல் மாதிரிச் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார். அந்த அக்கறையைக் கேட்டபோது அழுகின முட்டையை உடைத்த வாடை வந்தது.

மாசியில் அவரே இரண்டு பிரிவையும் என் வகுப்பறையில் ஒன்றாக உட்காரவைத்து ஸ்பெஷல் கிளாஸ் எடுத்தார். சுவர்தான் பாடம். 'அடைச்சே போடணும், ஆபீசரே ஒத்துக்கிட்டாரு,' என்று சொன்னாராம். மழைப் பாலம் என்று யாரோ ஒரு பிள்ளை வாயைத் திறந்ததற்கு, "பாலமாவது கம்மாயாவது, பரீட்சைக்கு அதெல்லாம் வராது," என்றாராம். அன்றும் பருத்தி எடுப்பு இருந்தது. அவள் வரவில்லை. வந்திருந்தாலும் என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியாது.

ஆண்டுத் தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. 5 − 3x > −7, தீர்த்து எண்கோட்டில் குறி. விடை x < 4. குறை எண்ணால் வகுக்கும்போது குறி திரும்புகிறது என்பது வழக்கமாகப் பாதிப் பேர் தவறவிடுகிற இடம். தீர்வுக்கு மூன்று மதிப்பெண், படத்துக்கு இரண்டு.

எங்கள் பள்ளியில் அவரவர் வகுப்புத் தாளை அவரவர் திருத்தக் கூடாது. சொந்த வகுப்புப் பிள்ளைக்கு இரக்கம் காட்டிவிடுவோம் என்பதற்காக வந்த வழக்கம். நல்ல வழக்கம்தான். 'ஆ' பிரிவுக் கட்டு எனக்கு வந்தது, என் பிரிவின் கட்டு தலைமையாசிரியருக்குப் போயிற்று. 'ஆ' பிரிவில் எல்லோரும் நான்கை அடைத்திருந்தார்கள். நான் படத்துக்கு மதிப்பெண் போடவில்லை. மறுநாள் அந்தக் கட்டு என் மேஜைக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு தாளிலும் பச்சை மையில் இரண்டு இரண்டாகக் கூட்டியிருந்தது.

என் பிரிவின் மதிப்பெண்கள் சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை வந்தன. அவளுக்கு முப்பத்து மூன்று.

நான் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தீர்வு முழுக்கச் சரி, குறி சரியான இடத்தில் திரும்பியிருந்தது. படத்தில் நான்கின் மேல் வெற்று வட்டம், பென்சிலில், கவனமாக, ஏதோ ஒரு மூடியை வைத்துச் சுற்றிப் போட்டது போல உருண்டையாக இருந்தது. இடப்பக்கம் அம்பு. அதன் மேல் பெரிய பெருக்கல் குறி. ஓரத்தில் பச்சை மையில், 'சுவரைப் பார்.'

பரீட்சை எழுதிய மண்டபத்தில் அந்தச் சுவர்ப் படம் ஏது? பிள்ளை எந்தச் சுவரைப் பார்க்க வேண்டும்? நான் அந்த இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஆசிரியர் தொழிலில் நான் பார்த்த அசிங்கமான வாக்கியம் அதுதான். கெட்ட வார்த்தை எழுதிய தாள்களைக்கூட அதற்கு முன்னும் பின்னும் பார்த்திருக்கிறேன்.

தாளோடு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். வெளியே வேப்பமரத்தடியில் அவளும் அப்பாவும் நின்றிருந்தார்கள். ரிசல்ட் கேட்க வந்தவர்கள். அப்பா துண்டைக் கக்கத்தில் வைத்திருந்தார்.

"சார், இந்தப் பிள்ளை ஒருத்திதான் சரியாப் போட்டிருக்கா. இவளுக்கு மட்டும் வெட்டியிருக்கீங்க."

"எல்லாரும் ஒரு மாதிரி போட்டிருக்காங்க, இவ ஒரு மாதிரி போட்டிருக்கா. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டாமா?"

"ரெண்டு மார்க்ல இவ தீப்பெட்டி ஆபீஸுக்குப் போயிருவா சார். வெளிய அப்பா நிக்காரு."

அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார். முகத்தில் உண்மையாகவே ஒரு வருத்தம் வந்தது. அதை மறைக்க முடியாது, எழுதித்தான் ஆக வேண்டும். "நம்ம ஊர்ப் பிள்ளையைப் பெயிலாக்கணும்னு எனக்கு என்ன ஆசையா டீச்சர்? அன்னைக்கு ஆபீசர் முன்னால அவ பேசுனதைக்கூட நான் மனசுல வைக்கல. நான் சும்மா ரெண்டு போட்டா, மத்ததெல்லாம் தப்புன்னு நானே கையெழுத்துப் போட்ட மாதிரி. அவளைக் கூப்பிடுங்க."

அவள் உள்ளே வந்தாள். அப்பா வாசலில் நின்றுகொண்டார்.

"ஏட்டி, இங்கன வா. இந்தப் படத்துல ஒரு சின்னக் குறை இருக்கு. இந்த வட்டத்தை அடைச்சிரு. முப்பத்தஞ்சு போட்டுருதேன். பத்தாங்கிளாஸ் போயிரு."

மேஜை மேல் இருந்த பென்சிலை எடுத்து அவள் பக்கம் உருட்டிவிட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஒத்திகை நாளில் மற்ற பிள்ளைகள் முதல் முறையாவது என்னைப் பார்த்தன. அவள் வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பிறகு குனிந்து, விளிம்பைத் தாண்டாமல், உள்ளே வெள்ளை தெரியாமல், நிதானமாக அடைத்தாள். நாக்கு நுனி உதட்டோரத்தில் தெரிந்தது. அவ்வளவு சுத்தமாக அடைத்த வட்டத்தை நான் அந்த வருடம் ஒரு தாளிலும் பார்க்கவில்லை.

நிமிர்ந்து, "அம்பு இப்படியே இருக்கலாமா சார், அதையும் மாத்தணுமா?" என்றாள்.

"அம்பு சரியாத்தான் இருக்கு," என்றார் அவர். பெருக்கல் குறியைப் பச்சை மையில் அடித்துவிட்டு இரண்டு போட்டார். முப்பத்து மூன்றை அடித்து முப்பத்தைந்து என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். வாசலில் நின்ற அப்பா கும்பிட்டார். தலைமையாசிரியர், "நல்லாப் படிக்க வைங்க, கெட்டிக்காரப் பிள்ளை," என்றார். அதையும் மனதாரத்தான் சொன்னார்.

நான் வெளியே வந்து பானையிலிருந்து தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்தேன். ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போனாள், தீப்பெட்டி ஆபீஸ் வண்டி அவளை ஏற்றாமல் போயிற்று. இதற்கு நான் சந்தோஷப்பட வேண்டும், பட்டேன். நடந்தது வேறு விதமாக நடந்திருக்க வேண்டும் என்று சொல்லி அவளை அந்த வண்டியில் ஏற்றிவிட எனக்கு மனமில்லை.

அந்த வருடம் பத்தாம் வகுப்புக் கணக்கு எனக்கு வந்தது. ஆடியில் ஒரு வியாழக்கிழமை, பழைய பாடத்தை நினைவுபடுத்த, கரும்பலகையில் 2x + 1 < 9 என்று எழுதி அவளைக் கூப்பிட்டேன். வந்தாள். தீர்த்தாள். கோடு போட்டாள், எண்கள் எழுதினாள், நான்கின் மேல் வட்டம் போட்டாள். சாக்பீஸைப் பிடித்தபடி நின்றாள். மழைப் பாலம் என்று யாராவது சொல்வார்களா என்று காத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை.

"என்ன யோசிக்கே?"

"எப்படிப் போட டீச்சர்," என்றாள், விளையாட்டு எதுவும் இல்லாமல். "சரியாப் போடவா, ஸ்கூலுக்குப் போடவா?"

வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சரியாகப் போடு என்றேன். அவள் வட்டத்தை வெறுமனே விட்டுவிட்டு, பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு இடத்துக்குப் போனாள். மற்றவர்கள் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள். எழுதுவதற்கு முன், பரீட்சைக்கும் இப்படித்தானா என்று முன்வரிசையில் ஒருவன் கேட்டான்.